ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

மனை விற்பனை விளம்பரம் எதை எடுத்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, முப்பது அடிச் சாலை, நல்ல நிலத்தடி நீர் என்று அடுக்கிவிட்டு, 'ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில்' என்று முடிப்பார்கள். வீடு பார்க்கப் போகிறவரும் பட்டா, வில்லங்கம் எல்லாம் கேட்பதற்கு முன்பே ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்கிறார். ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏறிய அந்த விலை யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்குத்தான் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விடை கண்டிருக்கிறது. ஸ்டேஷனைச் சுற்றி ஊரைக் கட்டி, அந்த ஊரின் வருமானத்தில் ரயிலை ஓட்டலாம் என்று ஒருவர் யோசித்தார். இன்னொருவர் செய்து பார்த்தார். மூன்றாமவர் பார்த்துக் காப்பியடித்தார். நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த யோசனை உலகத்தையே சுற்றி வந்துவிட்டது. அது போன வழியில் பாதியில் நின்றுபோன ஒரு கோபுரம் இருக்கிறது. ஒரு ரயில் விபத்து, ஒரு பூகம்பம், யாரும் நீந்த வராத ஒரு நீச்சல் குளம், காட்ஸில்லா என்று இன்னும் நிறைய இருக்கின்றன.

லண்டனில் தொடங்கலாம். 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே மெட்ரோபாலிட்டன் ரயில்வே ஓடத் தொடங்கியது. உலகின் முதல் சுரங்க ரயில் அது. அன்றைய பிரிட்டிஷ் சட்டம் ரயில் கம்பெனிகளை நில வியாபாரம் செய்ய விடவில்லை. தண்டவாளத்துக்காக வாங்கிய நிலத்தில் மிச்சம் இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றுவிட வேண்டும். மெட்ரோபாலிட்டன் கம்பெனி மட்டும் நாடாளுமன்றத்தில் தனிச் சலுகை வாங்கி, மிச்ச நிலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்தச் சலுகை எவ்வளவு பெரிய சொத்து என்பது பாதை வடமேற்கே வயல்வெளிகளுக்குள் நீண்ட பிறகுதான் தெரிந்தது.

கம்பெனியின் தலைவர் சர் எட்வர்ட் வாட்கினுக்கு ஒரு கவலை இருந்தது. ஆள் இல்லாத ஊருக்கு ரயில் விட்டால் யார் ஏறுவார்கள்? 1889-இல் பாரிஸில் ஐஃபல் கோபுரம் எழுந்தபோது அவருக்கு வழி பிறந்தது. பாதையோரம் வெம்ப்ளி பார்க் என்ற இடத்தில் அதைவிட உயரமாக ஒரு கோபுரம் கட்டினால் கூட்டம் ரயில் ஏறி வரும். கட்டித் தரும்படி ஐஃபலையே கேட்டார்; அவர் மறுத்துவிட்டார். வேறு ஆட்களை வைத்துக் கட்டத் தொடங்கிய கோபுரம் முதல் தளத்தோடு நின்றது. 1907-இல் அதையும் இடித்தார்கள். அந்த இடத்தில்தான் 1923-இல் வெம்ப்ளி கால்பந்து மைதானம் எழுந்தது. கோபுரம் தோற்றது, ஆனால் பாதையின் முனையில் ஒரு வேடிக்கையை வைத்தால் ரயில் நிறையும் என்ற யோசனை பிழைத்துக்கொண்டது. அது வேறொரு கண்டத்தில் வேறொருவர் கையில் மறுபடி வரும்.

மெட்ரோபாலிட்டன் கம்பெனி 1915-இல் தன் பாதையோரக் கிராமங்களுக்கு 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் சூட்டி, அதே பெயரில் ஆண்டுதோறும் ஒரு கையேடு போட்டது. பூந்தோட்டமுள்ள வீடுகள், ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணங்கள், பக்கத்துக்குப் பக்கம் வீட்டு விளம்பரங்கள். 1919-இல் வீடு கட்டி விற்பதற்கென்றே ஒரு துணை அமைப்பும் வந்தது. ஹாரோ, பின்னெர், ரைஸ்லிப் எல்லாம் இப்படிப் பெருத்த ஊர்கள். 1933-இல் லண்டனின் சுரங்க ரயில், டிராம், பஸ் எல்லாவற்றையும் ஒரே பொது வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்தபோது ரயில் மட்டும் அங்கே போனது. நிலம் பார்த்த அமைப்பு தனியாகவே நின்றது. ரயிலையும் நிலத்தையும் பிரித்த இந்தக் காரியத்தின் விலையைப் பல நகரங்கள் பிறகு கொடுத்தன.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1902 ஜனவரி 8 காலை, நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கத்தில் நீராவி எஞ்சின்களின் புகை மண்டி, ஓட்டுநர் கண்ணுக்குச் சிக்னல் தெரியவில்லை. முன்னே நின்றிருந்த ரயில் மீது மோதிப் பதினைந்து பேர் இறந்தார்கள். மான்ஹாட்டனில் நீராவி எஞ்சினே ஓடக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்த ரயில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் பாதையை மின்மயமாக்கி, தண்டவாளங்களை இரண்டு அடுக்காகப் பூமிக்கடியில் இறக்கத் திட்டம் போட்டார். பணத்துக்கு எங்கே போவது? அவர் சொன்ன பதில் அதுவரை யாரும் பெரிதாகச் செய்து பார்க்காதது. புகை இல்லையென்றால் தண்டவாளத்தைத் திறந்து வைக்க வேண்டியதில்லை, மூடலாம், மூடிய தளத்தின் மேல் கட்டடம் கட்டிக்கொள்ளும் உரிமையை விற்கலாம். காலியாகக் கிடந்த ஆகாயத்துக்கு அவர் விலை போட்டார். 1913-இல் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் திறந்தது. புகையும் கரியுமாக நகரத்தை இரண்டாகப் பிளந்து கிடந்த ரயில் யார்டின் மேல் ஹோட்டல்களும் மாடிக் குடியிருப்புகளும் வந்து, பார்க் அவென்யூ ஊரிலேயே மதிப்புமிக்க தெருவானது. வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் இன்றும் தண்டவாளங்களின் மேல்தான் நிற்கிறது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஹென்றி ஹண்டிங்டன் வேறு கணக்குப் போட்டார். 1901-இல் பசிபிக் எலக்ட்ரிக் என்ற டிராம் கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஒரு நில கம்பெனி. வெறும் நிலத்தை வாங்குவது, அதன் வழியே சிவப்பு டிராமை விடுவது, பிறகு மனை போட்டு விற்பது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் அந்தப் பாதைகள் பரவின. டிராம் நஷ்டத்தில் ஓடினாலும் மனை விற்பனையில் பல மடங்கு வந்தது. மனைகள் விற்றுத் தீரும் வரை இந்தக் கணக்கு அழகாக இருந்தது. ஹண்டிங்டன் 1910-இல் டிராமில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார். அதன் பிறகு டிக்கெட் காசை மட்டும் நம்பி நின்ற டிராமால் மோட்டார் காரோடு போட்டி போட முடியவில்லை. 1961-இல் லாங் பீச்சுக்குக் கடைசிச் சிவப்பு டிராம் போனது. 1990-இல், பொதுப் பணத்தில், ஏறக்குறைய அதே தடத்தில் மறுபடியும் ரயில் விட்டார்கள்.

இந்தக் கதையின் நடுநாயகர் என்று நான் நினைப்பவர் இச்சிசோ கொபயாஷி. மிட்சுயி வங்கியில் வேலை பார்த்தவர். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஒசாகாவில் வரப்போகிற ஒரு பங்குப் பத்திர நிறுவனத்தில் சேர வந்தார். 1907-இன் பொருளாதார நெருக்கடியில் அந்த நிறுவனம் தொடங்காமலே போனது. கையில் கிடைத்தது யாருக்கும் வேண்டாத ஒரு ரயில் திட்டம்: ஒசாகாவின் உமெதாவிலிருந்து மலையடிவாரத்து வெந்நீர் ஊற்றுகள் வரை ஒரு பாதை. மற்ற கம்பெனிகள் ஒசாகா, கோபே, கியோத்தோ என்று பெருநகரங்களை இணைத்துக்கொண்டிருந்தன. இவருடைய தடத்தில் இருந்ததெல்லாம் வயலும் மரமும்தான். பங்கு வாங்க ஆள் இல்லை. பாதை வரப்போகிற வழியைக் கொபயாஷி தானே நடந்து பார்த்தார். நிலம் மலிவாகவும் காற்று சுத்தமாகவும் இருந்ததைக் கவனித்தார். ஒசாகாவோ அப்போது ஆலைப் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

ரயில் ஓடுவதற்கு முன்பே அவர் நிலத்தை வாங்கினார். 1910-இல் பாதை திறந்த கையோடு, இக்கெதா ஸ்டேஷனுக்கு அருகில் சுமார் இருநூறு வீடுகளை விற்பனைக்கு விட்டார். அவர் குறி வைத்தது பணக்காரர்களை அல்ல. மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்களும் வங்கி ஊழியர்களும் அவர் வாடிக்கையாளர்கள். மொத்தப் பணமும் ஒரே தடவை கட்ட முடியாத அவர்களுக்கு மாதத் தவணை வைத்தார். இன்று நாம் கட்டும் வீட்டுக் கடன் தவணை ஜப்பானில் பரவியதில் ஒரு ரயில் கம்பெனிக்கும் பங்கு உண்டு. புகை நகரத்தில் ஏன் இருக்கிறீர்கள், எந்த மாதிரி நிலத்தில், எந்த மாதிரி வீட்டில் இருக்க வேண்டும் என்று விளக்கும் கையேடுகளை அவரே எழுதினார். இலக்கிய ஆசை உள்ள மனிதர். விளம்பரத்திலும் அது தெரிந்தது.

வீடு விற்றாலும் ஒரு சிக்கல் மிஞ்சியது. காலையில் எல்லோரும் நகரத்துக்குப் போகிறார்கள். எதிர்த் திசையில் வண்டி காலி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு திசையும் காலி. வாட்கினின் கோபுரக் கவலைதான் இதுவும். கொபயாஷி பாதையின் மறுமுனையான தகராசுகாவில் வெந்நீர்க் குளியல் விடுதி திறந்தார், அதோடு உள்ளரங்க நீச்சல் குளமும் கட்டினார். தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர்ச்சி. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்த அன்று அனுமதியும் இல்லை. குளம் படுதோல்வி. அவர் குளத்தை மூடிப் பலகை அடித்துப் பார்வையாளர் இடமாக்கி, உடை மாற்றும் அறைகள் இருந்த பக்கத்தை மேடையாக்கினார். பெண் பிள்ளைகளை மட்டும் சேர்த்து ஒரு பாட்டு நாடகக் குழு அமைத்தார். 1914-இல் முதல் ஆட்டம். ஆண் வேடத்தையும் பெண்களே கட்டும் தகராசுகா குழு நூறாண்டு தாண்டி இன்றும் அரங்கு நிறைந்து நடக்கிறது. அந்த நாடகத்தை டோக்கியோவுக்குக் கொண்டுபோக 1932-இல் அவர் தொடங்கிய கம்பெனிதான் வளர்ந்து தோஹோ என்ற சினிமா நிறுவனமாகி, 1954-இல் காட்ஸில்லாவை எடுத்தது. காலி ரயிலை நிரப்ப வெட்டிய குளத்தின் வம்சாவளியில் வந்த ராட்சசப் பல்லி அது.

அடுத்தது கடை. உமெதா ஸ்டேஷனில் தினமும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். அவர்கள் பணம் வேறு கடைக்குப் போவானேன்? கொபயாஷி அவசரப்படவில்லை. முதலில் ஸ்டேஷன் கட்டடத்தின் கீழ்த் தளத்தை ஷிரோகியா என்ற டோக்கியோ துணிக்கடைக்கு வாடகைக்கு விட்டு, வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கவனித்தார். பிறகு தானே சிறிதாக நடத்திப் பார்த்தார். 1929-இல் ஸ்டேஷன் மேலேயே அவர் கம்பெனியான ஹன்க்யூவின் பல்பொருள் அங்காடி எழுந்தது. மேல் மாடி உணவகத்தில் மலிவு விலைக் கறி சாதம் பிரபலமானது. பொருளாதார மந்தத்தின்போது வெறும் சாதம் மட்டும் வாங்கி, மேசையில் இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டவர்கள் உண்டு. அவர்களைத் துரத்தாமல் வரவேற்கச் சொன்னார் கொபயாஷி. இன்று கையில் காசில்லாத இளைஞன் நாளை குடும்பத்தோடு வருவான் என்பது அவர் கணக்கு.

ஹண்டிங்டன் நிலத்தை விற்றுவிட்டு எழுந்து போனார். கொபயாஷி கடையையும் அரங்கத்தையும் கையில் வைத்துக்கொண்டார். அவற்றின் வருமானம் ஆண்டுதோறும் ரயிலுக்கு வந்தது. இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே யோசனையில் தொடங்கியவர்கள். சிவப்பு டிராம் மியூசியத்துக்குப் போய்விட்டது, ஹன்க்யூவின் ரயில்கள் இன்றும் லாபத்தில் ஓடுகின்றன.

நன்றாக நடக்கும் கடைக்குப் போட்டி வராமல் இருக்குமா? பள்ளி மாணவர்களுக்கான தேசிய பேஸ்பால் போட்டியின் முதல் ஆட்டங்கள் 1915-இல் கொபயாஷியின் பாதையில் டொயொனாகா மைதானத்தில் நடந்தன. இரண்டே ஆண்டில் போட்டிக் கம்பெனியான ஹன்ஷின் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1924-இல் கோஷியென் என்ற மாபெரும் அரங்கத்தைக் கட்டி, அதைச் சுற்றி வீட்டு மனையும் போட்டது. டோக்கியோவில் ஷிபுசாவா எய்ச்சி என்ற முதுபெரும் தொழிலதிபர், ஆங்கிலேயர் எபனேசர் ஹோவர்டு எழுதிய தோட்ட நகர யோசனையில் மயங்கி, 1918-இல் ஒரு நில கம்பெனி தொடங்கினார். ஹோவர்டின் தோட்ட நகரத்தில் வீடும் வேலையும் சேர்ந்தே இருக்கும். டோக்கியோவுக்கு வந்து சேரும்போது வேலை உதிர்ந்து வீடும் ரயிலும் மட்டும் மிஞ்சின. அந்த ரயிலை யார் நடத்துவது என்று கொபயாஷியிடம் யோசனை கேட்டார்கள். ரயில்வே துறை அதிகாரியாக இருந்த கெய்த்தா கோத்தோவைக் கைகாட்டினார் அவர்.

1923-இல் டெனென்சோஃபு மனைகள் விற்பனைக்கு வந்தன. ஸ்டேஷனிலிருந்து விசிறி போல விரியும் மரத்தெருக்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று பெரும் பூகம்பம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. நெருக்கமான மரவீடுகள் தீயில் போயின. புறநகர் பெரும்பாலும் தப்பியது. அடுத்த மாதங்களில் நகரத்து மக்கள் மேற்கே திரும்பினார்கள். கோத்தோ அந்த அலையில் எழுந்தவர். குருவின் பாடத்தில் அவர் ஒரு அத்தியாயம் கூட்டினார்: காலையில் எதிர்த் திசையில் ஓடும் காலி வண்டியை மாணவர்களால் நிரப்பலாம். கெய்யோ பல்கலைக்கழகத்துக்கு ஹியோஷியில் இலவசமாக நிலம் கொடுத்து வளாகத்தை வரவழைத்தார். போருக்குப் பிறகு 1953-இல் அவர் போட்ட தாமா தோட்ட நகரத் திட்டத்தில் இன்று சுமார் ஆறு லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

அந்தத் திட்டத்துக்கு நிலம் கிடைத்த விதம் நம் ஊரையும் தொடுகிறது. விவசாயிகளிடமிருந்து எல்லா நிலத்தையும் பிடுங்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் நிலத்தைச் சாலைக்கும் பூங்காவுக்கும் பொதுச் செலவுக்கும் விட்டுக்கொடுத்தார்கள். பரப்பு குறைந்தாலும் மதிப்புக் கூடிய மனையை ஒழுங்கான வடிவத்தில் திரும்பப் பெற்றார்கள். இந்த முறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் ஃபிராங்க்ஃபர்ட் மேயர் ஃபிரான்ஸ் அடிக்கெஸ், ஆண்டு 1902. அங்கிருந்து ஒரு கிளை ஜப்பானின் 1919 நகரத் திட்டச் சட்டத்துக்குப் போனது. இன்னொரு கிளை அதற்கு முன்பே கடல் தாண்டி, 1915-இன் பம்பாய் நகரத் திட்டச் சட்டத்தில் வந்து இறங்கியிருந்தது. குஜராத்தில் அகமதாபாத் இன்றும் அந்த முறையில்தான் விரிகிறது.

ஐரோப்பாவில் போருக்குப் பிறகு அரசுகளே இந்த வேலையைக் கையில் எடுத்தன. 1947-இல் கோபன்ஹேகன் திட்டக்காரர்கள் நகரத்தின் படத்தின் மேல் ஒரு கையை வரைந்தார்கள். விரல்கள் ரயில் பாதைகள். விரலோரம் வீடு, விரலிடுக்கில் பசுமை. ஸ்டாக்ஹோம் 1904 முதலே சுற்றுப்புற நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டு வந்தது. அரை நூற்றாண்டு கழித்து மெட்ரோ பாதையில் வெலிங்பி என்ற ஊரைக் கட்டியபோது நிலம் நகரத்துடையதாகவே இருந்தது. ஸ்டேஷனைத் தொட்டபடி உயரமான வீடுகளும் கடைகளும், தள்ளிப் போகப் போகத் தாழ்ந்த வீடுகளும் என்ற அமைப்பு உலகம் முழுவதும் பாடப்புத்தகப் படமானது. ரயிலுக்குப் பணமில்லாத பிரேசிலின் குரிச்சிபா, ஜைமே லெர்னர் மேயராக இருந்த 1974-இல், தனிப்பாதையில் ஓடும் பஸ்ஸை வைத்தே இதைச் சாதித்தது. பஸ் போகும் அச்சுச் சாலையில் மட்டும் உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி. பொகொட்டா, குவாங்சௌ, அகமதாபாத் எல்லாம் அந்தப் பஸ்ஸைக் காப்பியடித்தன. அச்சுச் சாலையோரம் மட்டுமே உயரம் என்ற கண்டிப்பான விதியைக் காப்பியடித்தவர்கள் குறைவு.

ஹாங்காங்குக்கு வேறு வழியில்லாமல் இது வாய்த்தது. மெட்ரோ கட்டித் தர ஒப்புக்கொண்ட ஜப்பானியக் கூட்டமைப்பு, எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விலகிக்கொண்டது. 1975-இல் அமைந்த ரயில் கழகம் வியாபார அடிப்படையில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அரசு சொன்னது. கழகம் கவுலூன் பே பணிமனையின் கூரையைப் பார்த்தது. ரயில்கள் நிற்கும் அந்தத் தளத்தின் மேல் டெல்ஃபோர்ட் கார்டன்ஸ் என்ற பெயரில் நாற்பத்தொரு கட்டடங்களில் சுமார் ஐயாயிரம் வீடுகள் வந்தன. அதன் பிறகு இதுவே வழக்கமானது. ரயில் வருவதற்கு முந்தைய விலையில் அரசு நிலத்தைக் கழகத்துக்குக் கொடுக்கும். கழகம் கட்டுமான நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு மேலே கட்டும். ரயில் வந்த பின் ஏறிய மதிப்பு பாதைக்கே திரும்பும். கணக்காக இது அபாரம். ஆனால் ரயில் கழகத்தின் வருமானம் வீட்டு விலையோடு பிணைந்துவிட்டால், விலை குறைய வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அந்த மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். உலகிலேயே வீடு வாங்கக் கடினமான நகரங்களில் ஹாங்காங்கும் ஒன்றாக இருப்பதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

சிங்கப்பூர் அதே தேவையை வேறு விதமாகத் தீர்த்தது. 1960-இல் வீட்டு வசதி வாரியம், 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம், 1971-இல் புதுநகரங்களையும் விரைவு ரயிலையும் சேர்த்து வரைந்த தீவு முழுவதற்குமான திட்டம். ரயில் வேண்டாம், பஸ்ஸே போதும் என்று 1980-இல் ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர்கள் சொன்னார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ரயிலே வென்றது. 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் வண்டி ஓடியது. ரயில் போன வழியில் ஏற்கெனவே வாரிய வீடுகள் நின்றிருந்தன. லாரி ஓட்டுநரும் பள்ளி ஆசிரியரும் ஸ்டேஷனுக்கு ஒரே தூரத்தில் இருந்தார்கள். ஹாங்காங்கோடு ஒப்பிட்டால் எனக்குப் பெரிதாகப் படும் வேறுபாடு இதுதான்.

டிராமைத் தொலைத்த அமெரிக்காவும் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தது. கட்டடக் கலைஞர் பீட்டர் கால்தோர்ப் 1993-இல் ஒரு புத்தகம் எழுதி, ஸ்டேஷனைச் சுற்றி நடக்கும் தூரத்தில் ஊர் கட்டும் முறைக்கு இலக்கணம் வகுத்தார். இன்று நம் அரசு ஆவணங்களில் 'டி.ஓ.டி.' என்று வருவது அவர் வைத்த பெயர்தான்.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் தமிழர் கதையோடு பின்னியது. மலாயா ரயில்வேயின் பெட்டிகளைக் கோக்கும் யார்டு இருந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். யாழ்ப்பாணத்திலிருந்து போன குமாஸ்தாக்களும் ஸ்டேஷன் மாஸ்டர்களும், தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களும் யார்டைச் சுற்றி இருந்த ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, கோயில், சாப்பாட்டுக் கடை. யாரும் திட்டம் போடாமலே அமைந்த ஸ்டேஷன் ஊர் அது. 1990-களில் ஒரு நிறுவனக் கூட்டமைப்பு புது ஸ்டேஷனைக் கட்டித் தருவது, பதிலுக்கு யார்டு நிலத்தில் கட்டடங்கள் எழுப்பிக்கொள்வது என்று ஒப்பந்தமானது. ஜப்பானியர் கிஷோ குரோகாவா வடிவமைத்த ஸ்டேஷன் 2001-இல் திறந்தது. பிறகு வந்த மாற்றங்களில் பழைய 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசையில் ஒரு பகுதி இடிபட்டது. ஸ்டேஷனுக்கு மிக அருகே மூன்று தலைமுறை இருந்தவர்கள்தான் முதலில் நகர வேண்டியிருந்தது.

இந்தியாவில் இதைச் சேர்த்தே யோசித்தவர்கள் இருந்தார்கள். 1965-இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் 'மார்க்' இதழில் பம்பாய்க்கு எதிர்க்கரையில் ஒரு புது நகரம் கட்டலாம் என்று எழுதினார்கள். நிலத்தை அரசே வாங்கி, விற்கும் பணத்திலேயே ஊரைக் கட்டிக்கொள்வது திட்டம். அந்த நகரத்தைக் கட்ட 1970-இல் சிட்கோ நிறுவனம் அமைந்தது. ரயில் பாதையில் கோத்த ஊர்கள் வரைபடத்தில் இருந்தன; ரயில் அங்கே வாஷிக்கு வந்து சேர்ந்தது 1992-இல். அந்தப் பாதைக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கை சிட்கோ நிலம் விற்ற காசில் கொடுத்தது. வாஷி ஸ்டேஷன் தலைக்கு மேல் அலுவலக அடுக்குகளோடு எழுந்தது. கொபயாஷி பார்த்திருந்தால் தாமதத்துக்குக் கோபித்துக்கொண்டு, கணக்கைப் பாராட்டியிருப்பார்.

சென்னைக்கு வருவோம். 1920-இன் நகரத் திட்டச் சட்டத்தின் கீழ், மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடியது. சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் ஊர் அடர்ந்தது. ஸ்டேஷனுக்கு இறங்கும் அமைதியான குடியிருப்புத் தெருவாக இருந்த ரங்கநாதன் தெரு, நாட்டிலேயே நெரிசலான கடைத்தெருக்களில் ஒன்றானது. உமெதாவில் ரயில் கம்பெனி செய்ததை இங்கே வியாபாரிகள் தாங்களாகவே செய்தார்கள். ரயில்வேக்குக் கிடைத்தது டிக்கெட் காசு.

பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் மயிலாப்பூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் போனது. அதன் ஸ்டேஷன்களைப் பார்த்தவர்களுக்கு அவை ஏன் அத்தனை பிரம்மாண்டம் என்று தோன்றியிருக்கும். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று எண்ணிக் கட்டிய தளங்கள் அவை. பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தன. கட்டடம் இருந்தும் அதை வாடகைக்கு விட்டு நடத்த ஒரு கொபயாஷி இல்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் மாபெரும் பஸ் நிலையம் திறந்தபோது, பக்கத்திலேயே ஓடிய ரயில் பாதையில் இறங்க ஸ்டேஷன் இல்லை.

வேறொன்றும் நடந்தது. கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். நகரத்து வீடுகளில் வேலை செய்த பெண்கள், மீன் விற்றவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள். நடந்து போன வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியதாயிற்று. பலர் வேலையையே விட்டார்கள். பொதுப் போக்குவரத்து இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாதவர்களை ரயிலிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் வைத்தோம்.

இப்போது ரயில் அவர்களைத் தேடி வருகிறது. சுமார் 119 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஒரு தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியே துரைப்பாக்கம் தாண்டிச் சிறுசேரி போகிறது. சோழிங்கநல்லூரில் இன்னொரு தடம் வந்து சேர்கிறது. கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அந்தத் தடங்களுக்கு அருகில் இருப்பவை. அரசிடம் இன்னும் இருக்கும் நிலம், ஸ்டேஷன் மேல் வரும் தளங்கள், அவற்றில் வாடகைக்கும் மலிவு விலைக்கும் ஒதுக்க வேண்டிய வீடுகள், குடியிருப்பிலிருந்து ஸ்டேஷன் வரை நிழலான நடைபாதை, இணைப்புப் பஸ் ஆகிய எல்லாவற்றையும் வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். கொபயாஷி 1910-க்கு முன்பே நிலத்தை வாங்கினார். ஸ்டாக்ஹோம் ஐம்பது ஆண்டு முன்பே வாங்கியது. அந்தச் சாலையோரம் மனை விலை இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது.